யாழ்ப்பாணத்து வளவில் செவ்வந்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணி, புரட்டாதி வந்தால் செவ்வந்தி பற்றிக் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். கடையில் பூத்துக் குலுங்கிய கன்றை வாங்கிவந்து, இரண்டு மாதத்தில் அது பட்டுப்போனதும் "இது மலைநாட்டுப் பூ, இங்கே சரிவராது" என்று கைவிட்டவர்கள் பலர். சரிவரும். எங்கள் இரவின் நீளம், கிணற்றுத் தண்ணீர், மாரி மழை இந்த மூன்றையும் கணக்கில் எடுத்து வளர்த்தால் யாழ்ப்பாணத்தில் நல்ல செவ்வந்தி எடுக்கலாம். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

இலையுதிர்காலத்தில் பூக்கிற பூ என்கிறார்கள். எங்களுக்கு இலையுதிர்காலமே இல்லையே, எப்படிப் பூக்கும்?

செவ்வந்தி மொட்டு வைப்பதற்குத் தேவை நீண்ட இருட்டு. பகல் சுருங்கி இரவு நீளும்போது இலை விடுவதை நிறுத்தி மொட்டுக்குப் போகும். செடிகள் இப்படி இரவு பகலை அளக்கின்றன என்பதை 1920 இல் கார்னர், அலார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் அதைக் கண்டது எங்கள் ஆட்களுக்கு நன்கு பழக்கமான புகையிலையில், பிறகு சோயாவில்.

செவ்வந்தியில் பெரும்பாலான இனங்களுக்குப் பகல் பதின்மூன்றரை மணித்தியாலம் அளவுக்குக் கீழே இறங்கினால் மொட்டு வைக்கும் எண்ணம் வந்துவிடும். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கு மேல், ரொறன்ரோவில் ஏறத்தாழ பதினைந்தரை. அதனால் அங்கே செடி கோடை முழுக்க இலையும் கிளையுமாகப் பெருத்து, ஓகஸ்டில் இரவு நீளத் தொடங்கியதும் மொட்டு வைத்து, செப்டெம்பர் முதல் நவம்பர் வரை பூக்கிறது. இலையுதிர்காலப் பூ என்ற பெயர் அங்கேயிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் வருஷத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டாது, மிகக் குறுகியது பதினொன்றரை. செவ்வந்தியின் கணக்கில் எங்களுக்கு எப்போதுமே பூக்கிற காலம்தான்.

அப்படியென்றால் வருஷம் முழுக்கப் பூக்க வேண்டுமே? நான் வைத்த கன்று ஒரு சாண் உயரத்தில் ரெண்டு மொட்டு வைத்து அப்படியே நின்றுவிட்டது.

நின்றதற்குக் காரணமும் அந்த நீண்ட இரவுதான். வளர நேரம் கிடைக்காமலே மொட்டுக்குப் போய்விடுகிறது. வேர் பிடித்து, கிளை விட்டு, உடம்பு சேர்த்த பிறகு மொட்டு வைத்தால்தான் ஒரு செடியில் முப்பது நாற்பது பூ பார்க்கலாம். இங்கே சின்னக் கன்றே அவசரப்பட்டு மொட்டு வைக்கிறது, சத்து முழுக்க அதற்குப் போகிறது, செடி வளராமல் நின்றுவிடுகிறது. அதோடு சூடும் சேர்கிறது. செவ்வந்திக்குப் பிடித்த வெப்பம் 17 முதல் 22 பாகை வரை. 30 பாகைக்கு மேலே போனால் மொட்டு வைத்தாலும் விரியத் தாமதிக்கும், சில இனங்களில் மொட்டு அப்படியே நின்று கருகும். சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்தில் செவ்வந்திப் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே இங்கே செவ்வந்தி வளர்ப்பில் முதல் வேலை, பூக்கவிடாமல் தடுத்து வளர்ப்பது. பிறகு, வெயில் தணிந்த மாதங்களுக்குப் பூ விழுகிற மாதிரி நாள் பார்த்து விடுவது. இந்த இரண்டும் பிடிபட்டால் மற்றதெல்லாம் வழக்கமான பூக்கன்று வேலைதான்.

பூக்கவிடாமல் எப்படித் தடுப்பது?

இரவில் வெளிச்சம் போட்டு. பூவுக்காகச் செவ்வந்தி பயிரிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் செய்கிற வேலை இது. இரவை நடுவில் முறித்துவிட்டால் செடிக்கு நீண்ட இருட்டு கிடைக்காது, இன்னும் கோடை முடியவில்லை என்று இலை விட்டுக்கொண்டே இருக்கும். இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை நான்கு மணித்தியாலம் போதும். மாலையில் இருட்டியதும் போட்டு 10 மணிக்கு அணைப்பதைவிட நள்ளிரவை ஒட்டிப் போடுவதுதான் நன்றாகப் பலிக்கும்.

பெரிய விளக்கு தேவையில்லை. 9 வோட் எல்.ஈ.டி பல்ப் ஒன்றைச் செடியின் நுனியிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் தொங்கவிட்டால் நாலைந்து சாடிகளுக்குக் காணும். மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்ப்பாகப் பார்த்து வாங்குங்கள், செடிக்கு இரவு முறிந்ததை உணர்த்துவது சிவப்பு ஒளி, அது நீலம் கலந்த வெள்ளை பல்ப்பில் குறைவு. ஒரு டைமர் பிளக் வாங்கி மாட்டிவிட்டால் நீங்கள் முழித்திருக்க வேண்டியதில்லை. கறண்ட் பில்லுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 9 வோட், நாலு மணித்தியாலம், ஐம்பது இரவு, எல்லாம் சேர்த்து இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. மழை படுகிற இடத்தில் வயர், ஹோல்டர் எல்லாம் மூடியிருக்க வேண்டும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஒரு இரவு கறண்ட் நின்றுபோனால் ஒன்றும் ஆகாது. தொடர்ந்து ஒரு கிழமை விளக்கு இல்லாமல் போனால் செடி மொட்டுக்குத் திரும்பிவிடும்.

எந்த மாதம் தொடங்கினால் தைப்பொங்கலுக்குப் பூ கிடைக்கும்?

பூவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விளக்கை நிறுத்திய நாளிலிருந்து பூ விரிய இனத்தைப் பொறுத்து 7 முதல் 12 கிழமை எடுக்கும், எங்களுக்குப் பொதுவாகப் பத்துக் கிழமை என்று வைத்துக்கொள்ளலாம். பொங்கல் ஜனவரி நடுப்பகுதி, ஆகவே நவம்பர் முதல் கிழமை விளக்கை நிறுத்த வேண்டும். அதற்கு முன் செடி வளர ஏழெட்டுக் கிழமை வேண்டும், எனவே செப்டெம்பர் நடுவில், அதாவது புரட்டாதி பிறக்கிற நேரம், வேர்விட்ட கன்று சாடியில் இருக்க வேண்டும். துண்டு வேர்விட இரண்டு மூன்று கிழமை. ஆவணி நடுப்பகுதியில் துண்டு வெட்டினால் சரி. வேர்விடுகிற துண்டுக்கும் விளக்கு வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு நான் பொங்கலைச் சொல்வதில்லை, மாசியைச் சொல்கிறேன். பொங்கலுக்கு விடுகிற செடி மொட்டோடு நிற்கிற காலம் கார்த்திகை, மார்கழி. வடகீழ்ப் பருவ மழை அடிக்கிற நேரம். மொட்டுக்குள் தண்ணீர் நின்று அழுகினால் நான்கு மாத உழைப்பும் போய்விடும். டிசெம்பர் பத்தாந் திகதி அளவில் விளக்கை நிறுத்தினால் மழை ஓய்ந்த பிறகு மொட்டுப் பெருத்து, மாசியில், பெரும்பாலும் சிவராத்திரியை ஒட்டிப் பூக்கும். அப்போது காலையில் குளிரும் இருக்கும், பூவும் நாட்கணக்கில் வாடாமல் நிற்கும்.

விளக்கை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. செடி நெஞ்சளவு வளர்ந்துவிட்டது, மொட்டையே காணவில்லை.

கேற்றடியில் வைத்திருக்கிறீர்களா? தெரு விளக்கோ, விறாந்தை பல்ப்போ, பக்கத்து வீட்டு மதில் விளக்கோ இரவு முழுக்க அதில் படுகிறதா என்று ஒருமுறை நடுச்சாமத்தில் எழும்பிப் போய்ப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை எல்.ஈ.டி வந்துவிட்டது, மொட்டுத் தவறுவதற்குக் கேள்விப்படுகிற முதல் காரணம் இதுதான். ஒரே செடியில் வீதிப் பக்கம் வெறும் இலையாகவும் வீட்டுப் பக்கம் மொட்டாகவும் நிற்பதைக்கூடப் பார்க்கலாம். சாடியென்றால் வீட்டின் பின்பக்கம் தூக்கி வையுங்கள். நிலத்தில் நட்டதென்றால் வெளிச்சம் வருகிற பக்கமாக இரவில் ஒரு தடித்த கறுப்புப் பொலித்தீனோ சாக்கோ கட்டி மறையுங்கள்.

மொட்டு வருகிறதா என்பதை மொட்டுத் தெரிவதற்கு முன்பே குருத்தில் பார்க்கலாம். வளர்கிற குருத்தின் இலைகள் அகன்று, ஓரம் ஆழமாகப் பிளந்திருக்கும். மொட்டுக்குப் போகிற குருத்தில் புதிதாக வருகிற இலைகள் ஒன்றைவிட ஒன்று ஒடுங்கி, பிளவு குறைந்து, கடைசியில் ஒரு சின்ன நாடாத்துண்டு அளவுக்கு நீண்டு நிற்கும். விரலால் மெல்ல விலக்கினால் நடுவில் கடுகளவில் ஒரு பச்சைக் குமிழ், தலை சற்றே தட்டையாக. அதைக் கண்டால் பிறகு நுனியில் கை வைக்காதீர்கள்.

நுனி கிள்ளுவது எப்போது, எத்தனை தரம்?

கன்று நட்டு இரண்டு மூன்று கிழமையில், ஆறேழு இலை விட்டதும், பெருவிரல் நகத்தால் குருத்தை மட்டும் கிள்ளுங்கள். கத்திரிக்கோல் தேவையில்லை, மெத்தென்று முறிகிற இடத்தில் முறிய வேண்டும். தண்டு நாராக இழுபட்டால் பிந்திவிட்டது என்று அர்த்தம், ஒரு கணு மேலே கிள்ளுங்கள். மூன்று நான்கு கிளை வரும். அவை ஒரு விரல் நீளம் வளர்ந்ததும் இன்னொரு தரம். விளக்கை நிறுத்துவதற்கு இரண்டு கிழமைக்கு முன் கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும்.

பெரிய பூ ஒன்று வேண்டுமென்றால் ஒரு கிளையில் நடு மொட்டை மட்டும் விட்டுப் பக்க மொட்டுகளைக் கிள்ளிவிடலாம். சின்னப் பூக்கள் கொத்தாக வேண்டுமென்றால் மாறிச் செய்யுங்கள், நடு மொட்டை எடுத்துவிட்டுப் பக்கத்தை விடுங்கள். சாமிக்கு ஆய்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் பிரயோசனம்.

கடையில் வாங்கும்போது குட்டையாக, பந்தாக இருந்தது. அதிலிருந்து எடுத்த கன்று ஓங்கி வளர்கிறதே?

விற்பனைக்கு வளர்க்கிறவர்கள் வளர்ச்சியை அடக்குகிற மருந்து அடிப்பது வழக்கம், டமினோசைட் அதில் ஒன்று. மருந்தின் வேகம் போனதும் செடி தன் இயல்பான உயரத்துக்குப் போகும். கெட்டுப்போகவில்லை. நுனி கிள்ளி அடக்குங்கள், இல்லையென்றால் ஒரு தடி நட்டுக் கட்டிவிடுங்கள். வாடைக்காற்றுக்கு முறியாமல் இருக்கத் தடி எப்படியும் வேண்டும்.

எந்த நிறம், எந்த இனம் எங்கள் வெயிலுக்கு நிற்கும்?

மஞ்சள். இரண்டாவது வெள்ளை. ஊதா, கடுஞ்சிவப்பு, செப்பு நிறங்கள் தருகிற சாயம் வெப்பம் கூடினால் சரியாக ஊறாது, கடையில் கறுஞ்சிவப்பாக இருந்தது உங்கள் முற்றத்தில் வெளிறிப் பூக்கும். மஞ்சளின் சாயம் வேறு வகை, அது வெயிலுக்கு அவ்வளவாக மங்காது. அளவிலும் சின்னப் பூ, கொத்துப் பூ இனங்களையே எடுங்கள். கண்காட்சிகளில் பார்க்கிற உள்வளைந்த பெரிய பந்துப் பூக்களுக்குக் குளிர் வேண்டும், அந்த ஆசையை நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. யூரியா போடலாமா?

போடாதீர்கள். மேலே வருகிற புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. வலிகாமத்துச் செம்மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல் என்பதாலும் நாங்கள் ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு கலந்திருப்பதாலும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. செவ்வந்திக்கு இலேசான புளிப்பு மண்தான் விருப்பம், காரகாடித்தன்மை (pH) 6 க்கும் 6.5 க்கும் இடையில். யூரியா போட்டால் செடி இன்னும் ஓங்கி, இன்னும் மஞ்சளாகும். கீழ் இலை முழுதாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு, அப்போது வேண்டுமானால் கொஞ்சம் யூரியாவைப் பற்றி யோசிக்கலாம்.

இதனால்தான் அடுப்புச் சாம்பலும் முட்டைக்கோதும் செவ்வந்திக்கு வேண்டாம் என்று சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் எல்லாப் பூக்கன்றுக்கும் சாம்பல் போடச் சொல்வார்கள், புளிப்பு மண் உள்ள இடத்தில் அது நல்ல பழக்கம். எங்கள் மண்ணில் அது சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு.

செய்ய வேண்டியது, மண்ணில் மக்கிய பொருளைக் கூட்டுவது. புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாட்ட ஊர் இது. பூவரசங்குழை, சீமைக்கிளுவைக் குழை, நன்றாக மக்கிய மாட்டெரு இவற்றை நடுவதற்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே மண்ணோடு கலந்து ஊறவிடுங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுடும். சாடிக்கு என் கலவை, செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, தும்புச்சோறு அரைப் பங்கு. கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு. உடனே இலை தெளிய வேண்டுமென்றால் இரும்புச் செலேற்று (செடி எடுக்கக்கூடிய வடிவில் இரும்பு தருகிற உரம்) வாங்குங்கள், ஆனால் ஈடிடிஎச்ஏ வகையா என்று கேட்டு வாங்க வேண்டும், சுண்ணாம்பு மண்ணில் மண் வழியாகப் பயன்படுவது அதுதான். மலிவாகக் கிடைக்கிற ஈடிடிஏ வகையை மண்ணில் ஊற்றினால் இங்கே வீண், இலைக்கு மேல் தெளிக்கலாம்.

எங்கள் கிணறு உவர். தீவுப்பக்கம். வளர்க்க ஏலுமா?

நிலத்தில் கஷ்டம், சாடியில் ஏலும். உவர்த் தண்ணீர் ஊற்றினால் இலையின் ஓரம் காய்ந்து பொரியும். மாரியில் பீலித் தண்ணீரைத் தொட்டியிலோ பரலிலோ பிடித்து வையுங்கள், நாலைந்து சாடிக்கு மழை ஓய்ந்த பிறகும் சில கிழமைக்குக் காணும். கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமென்றால் சிறிது சிறிதாக அடிக்கடி ஊற்றாமல், ஊற்றுகிற நேரம் சாடியின் அடியால் ஓடும்வரை ஊற்றுங்கள், அப்போதுதான் மண்ணில் சேர்ந்த உப்புக் கழுவுப்படும்.

மாரியில் கன்று வாடுகிறது. மண் ஈரமாகத்தானே இருக்கிறது, ஏன்?

ஈரமாக இருப்பதால்தான். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது, தண்ணீர் இழுக்க வேர் இல்லை, செடி வாடுகிறது. வாடியதைக் கண்டு இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. 2008 இல் நிஷா புயல் மழைக்கு வளவெல்லாம் வெள்ளம் நின்றதைக் கண்டவர்களுக்கு எங்கள் நிலத்தில் கார்த்திகை மழை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நிலத்தில் நடுவதென்றால் ஒரு முழ உயரப் பாத்தி கட்டுங்கள். சாடியை நிலத்தில் வைக்காமல் இரண்டு கல்லின் மேல் வையுங்கள். மழைக்கு மேலே தெளிந்த பொலித்தீன் ஒன்றைப் பந்தலாகக் கட்டி, நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். விறாந்தைக்குள் தூக்கி வைத்தால் மழை படாது, வெயிலும் படாது, செடி வெளிறி நீளும்.

மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிப்பதால் கீழ் இலைகளில் கறுப்புப் புள்ளி வந்து மேலே ஏறும். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இலைகளை எடுத்துவிட்டு, மண்ணுக்கு வைக்கோல் போட்டு மூடினால் பெரும்பகுதி நிற்கும்.

பூச்சிக்கு என்ன அடிக்கலாம்?

குருத்தில் மொய்க்கிற அழுக்கணவனுக்குத் தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே பாதி போய்விடும், மீதிக்கு மெல்லிய சவர்க்காரத் தண்ணீர். பனிப்பூச்சி கண்ணுக்கு இலேசில் தெரியாது, பூவிதழில் வெள்ளிக் கீறல் தெரிந்தால் அதுதான், வைரசையும் பரப்பும், மொட்டு நிறம் காட்டுவதற்கு முன்பே வேப்பெண்ணெயை மாலையில் தெளியுங்கள். மாரிக்கு வருகிற நத்தையை இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி. நத்தைக்கு உப்பைச் சாடிக்குள் போடுகிறவர்கள் செடியையும் சேர்த்துக் கொல்கிறார்கள்.

இலையைத் தொட்டால் கை கடிக்கிறது. பூவைத் தேநீராகக் குடிக்கலாம் என்றும் சொல்கிறார்களே?

செவ்வந்தியும் எங்கள் காணிகளில் பரவிக் கிடக்கிற பாத்தீனியமும் ஒரே குடும்பம். பாத்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் செவ்வந்தி இலையும் கடிக்கலாம். கையுறை போட்டு வேலை செய்யுங்கள், அவர்கள் தேநீர்ப் பக்கமும் போக வேண்டாம். மற்றவர்களும் கடையில் வாங்கிய கன்றின் பூவைக் குடிக்காதீர்கள், அது என்ன மருந்துகளுக்குள்ளால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பூத்து முடிந்தது. பிடுங்கி எறிவதா?

ஐயோ, வேண்டாம். மண்ணிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து பக்கக்கன்றுகள் முளைத்து வரும், அவைதான் அடுத்த வருஷத்துச் செடி. பங்குனி முதல் ஆடி வரை அவற்றை உயிரோடு காப்பாற்றுவதுதான் யாழ்ப்பாணத்தில் உண்மையான சோதனை. காலை வெயில் மட்டும் படுகிற இடம், மதியத்துக்குக் கிடுகு நிழல், சோளகக் காற்றுக்கு ஒரு மறைப்பு. வேப்பமர நிழலின் ஓரம் நல்ல இடம். மொட்டு வந்தால் வரவரக் கிள்ளுங்கள், வசதி இருந்தால் இரவு விளக்கையும் விடாதீர்கள்.

ஆவணியில் அந்தத் தாய்ச்செடியிலிருந்து ஒரு விரல் நீளத்தில் மொட்டுக் கட்டாத நுனிகளை வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, கழுவிய ஆற்று மணலில் நடுங்கள். ஏற்கெனவே மொட்டுக் கட்டிய நுனி மெதுவாகத்தான் வேர்விடும், விட்டதும் திரும்பப் பூக்கப் பார்க்கும். பழைய தூரையே வருஷக்கணக்கில் வைத்திருப்பதும் சரியில்லை, அடி மரமாகி, பூ சிறுத்து, நோய் சேர்ந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகத் துண்டிலிருந்து தொடங்குங்கள். விதை வேண்டாம், தாயின் பூ பிள்ளையில் வராது.

கனடாவிலிருந்து மாமி வருகிறா. அங்கத்தைய கன்றில் ரெண்டு தடி பையுக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதியும் அங்கத்தைய தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கன்றோ தடியோ கொண்டுவர முடியாது, கட்டுநாயக்காவில் எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் விட்டாலும் நல்லதில்லை. இலையின் அடியில் கொப்புளம் போடுகிற பூஞ்சை நோயான செவ்வந்தியின் வெண்துரு நாடு விட்டு நாடு போனதே இப்படியான துண்டுகளோடுதான், வெளியில் ஒரு அடையாளமும் இல்லாத துண்டுக்குள்ளும் அது இருக்கும். இன்னொன்று, அங்கே நன்றாகப் பூக்கிற இனங்கள் அங்கத்தைய குளிருக்குத் தெரிவானவை.

வேறு நிறம் வேண்டுமென்றால் பண்டாரவளை, நுவரெலியாப் பக்கம் போய்வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். வந்த கன்றை மற்றச் சாடிகளோடு சேர்க்காமல் இரண்டு மூன்று கிழமை தள்ளி வைத்து, இலைகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கொப்புளமோ வலையோ வெள்ளைப் பஞ்சோ ஒன்றும் இல்லையென்றால் கொண்டுபோய் விளக்கடியில் வையுங்கள்.